மேல் பட்டன்

சட்டையின் மேல் பட்டனைப் போட்டால் கழுத்து இறுகியது. போடாவிட்டால் கழுத்து தெரிந்தது. இரண்டில் எது தேவலை என்று காலை பத்து மணியிலிருந்து சோலைமலைக்கு முடிவாகவில்லை. இப்போது மணி இரண்டு. பட்டன் போட்டபடி இருக்கிறது, வியர்வை காலர் ஓரமாக இறங்கி அரிக்கிறது, மடியில் ஒரு ரோஸ் நிற ஜாக்கெட், அதில் ஆறு கொக்கி கட்ட வேண்டும், கட்டியது ஒன்று. லேடீஸ் டெய்லர் ஒருவன் தன் சொந்தச் சட்டைப் பட்டனுக்கு இவ்வளவு யோசித்து கம்பம் ஊர் இதுவரை பார்த்திருக்காது. வெளியே பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கத்துச் சந்து வரைக்கும் சாமி வண்டிகள் வந்து அடைத்து நிற்கின்றன. கார்த்திகை இருபத்தொன்று. வேன் முகப்பில் வாழைக்கன்று, கூரையில் மூட்டை முடிச்சு, இறங்குகிற ஆள் எல்லார் கழுத்திலும் துளசிமணி. பதின்மூன்று வருஷம் அந்தக் கூட்டத்தில் ஒருவனாக இருந்தவன்தான் இவனும். இந்த வருஷம் ஒன்றாம் தேதி மாலை போட்டான். மூன்றாம் தேதி கூடலூரில் சித்தப்பா மகன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. பங்காளி சாவு. குருசாமி அன்றைக்கே வந்து மாலையைக் கழற்றி மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு, ‘அடுத்த வருஷம் பாத்துக்கலாம்ப்பா’ என்றார். வரும்போது ‘சாமி’ என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தவர், போகும்போது ‘ப்பா’ என்றது இவனுக்கு இன்னும் காதில் நிற்கிறது. இரண்டு நிமிஷத்தில் அவ்வளவு தூரம் இறக்கிவிட்டார். முந்தாநாள் கருமாதி முடிந்தது, இன்றைக்குத்தான் கடை திறந்திருக்கிறான், மூன்றரை மணிக்கு அங்கன்வாடியைப் பூட்டிவிட்டுக் கற்பகவல்லி டீச்சர் அளவு கொடுக்க வந்துவிடுவார். வாய்தான் ‘வருவார்’ என்கிறது. உள்ளுக்குள் ‘வருவாள்’ என்றுதான் ஓடுகிறது, ஆறு மாதமாக அப்படித்தான்.

காலையிலிருந்து நாலு பேர் ‘சாமி’ என்று கூப்பிட்டாயிற்று. நாலு பேருக்கும் இவன் ‘இல்லை’ என்று சொல்லவில்லை. சொல்லவில்லை என்றால் பொய் சொன்னதாகுமா? அவர்களாக நினைத்துக்கொண்டால் இவன் என்ன செய்வது? இருபது நாள் தாடி. அடர்நீலச் சட்டை, அந்த நீலம் இரண்டு பக்கமும் சேரும், சாமிக்கும் சேரும் சம்சாரிக்கும் சேரும். காலில் செருப்பில்லை. செருப்பை மறந்துதான் வந்தான் என்று சத்தியம் பண்ணலாம். ஆனால் தெருமுனை வந்ததும் உள்ளங்காலில் கல் குத்தி, மறந்தது ஞாபகம் வந்து, திரும்பிப் போக நேரமிருந்தும் போகாமல் வந்தானே, அதற்கு என்ன பெயர்? வீட்டில் வேலுத்தாய் கிளம்பும்போதே சொன்னாள். இருபது வருஷம் இவனோடு குடித்தனம் பண்ணிய பெண்டாட்டி, அவளுக்குத் தெரியாதா. “தாடிய எடுத்துட்டுப் போங்க. பாக்க சாமி மாதிரியே இருக்கு. வாரவங்க ஏமாந்துருவாங்க.” சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சிரித்துக்கொண்டே சொன்னதால் இவனும் சிரித்துக்கொண்டே தாடியோடு வந்துவிட்டான். ஏமாந்துவிடுவார்கள் என்பது வெறும் பேச்சில்லை. இந்தத் தொழிலில் கழுத்து மணிக்கு அவ்வளவு மரியாதை. மற்ற மாதங்களில் யாராவது அளவு கொடுக்க வந்தால், ‘அளவு ஜாக்கெட் குடுத்துருங்க, அத வச்சுத் தச்சிர்றேன்’ என்பான். டேப்பை ஆளின் மேல் வைக்கமாட்டான். கார்த்திகை பிறந்து மாலை விழுந்துவிட்டால், நாற்பத்தோரு நாளும் இவன் சாமி, வருகிற பெண்கள் எல்லாம் மாளிகைப்புறம், அம்மன் மாதிரி. அப்போது டேப் எடுப்பான். ஊருக்கும் தெரியும். தைக்குக் கல்யாணம் வைத்திருப்பவர்கள், உடம்பு இளைத்தவர்கள், பெருத்தவர்கள், பழைய அளவு எதுவும் சேராதவர்கள் எல்லாரும் காத்திருந்து கார்த்திகையில்தான் வருவார்கள். கற்பகவல்லி டீச்சர் ஆவணி மாதமே பட்டுப்புடவையோடு வந்தார். தைராய்டு மாத்திரையில் உடம்பு பாதியாக வற்றி, இருக்கிற ஜாக்கெட்டெல்லாம் தொளதொளவென்று தொங்கியது. மகளுக்குத் தையில் கல்யாணம். ‘புருசன் இல்லாதவ மேடையில அரக்குப் பட்டுல நிக்கலாமான்னு எங்க வீட்டுல பெரிய பேச்சா இருக்கு டைலரண்ணே. நிக்கத்தான் போறேன். நின்னா எடுப்பா நிக்கணும். கார்த்திகை வரட்டும், நீங்க மாலை போட்டதும் வந்து அளவு குடுத்துர்றேன்’ என்றார். அதிலிருந்து இவன் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறான். எதற்காக எண்ணினான் என்று கேட்டால்தான் கஷ்டம்.

இரண்டாவது கொக்கி கோணலாகப் போயிற்று, பிரித்தான். தலைக்கு மேலே அலமாரியின் கடைசித் தட்டில், பழைய காலண்டர்களுக்கு அடியில், கடுகு மஞ்சளில் ஒரு துணி இருக்கிறது. பதினாலு வருஷமாக இருக்கிறது. இவனுடைய பயத்துக்கு நிறம் உண்டென்றால் அந்த நிறம்தான். கடை போட்ட முதல் வருஷம், மாலை என்ற நினைப்பே இல்லாத காலம், ஒரு பெண் வந்தாள். பெயர்கூடத் தெரியாது. ‘அளவு எடுங்க’ என்று கையைத் தூக்கி நின்றாள். எடுத்தான். மார்புச்சுற்று முப்பத்தாறு, நோட்டில் எழுத வேண்டியதுதான், டேப்பை எடுத்துவிட வேண்டியதுதான். எடுக்கவில்லை. ஒரு நொடி. சத்தியமாக ஒரே ஒரு நொடி, டேப் அங்கேயே நின்றது, டேப்பைப் பிடித்த விரல் அங்கேயே நின்றது. அவள் கத்தியிருந்தால் தேவலை, செருப்பால் அடித்திருந்தால் அடி வாங்கிய கணக்கில் போயிருக்கும். இவன் முகத்தைப் பார்த்தாள், முந்தானையை இழுத்துத் தோளைச் சுற்றிக்கொண்டாள், படியிறங்கிப் போய்விட்டாள். துணி இங்கேயே நின்றுவிட்டது. வந்து கேட்பாள் என்று ஒரு மாதம் பயந்தான். வராமலே இருந்தாள் என்று மிச்சக் காலம் முழுக்கப் பயந்தான். அந்த வருஷம்தான் முதல் மாலை. மலைமேல் நெய்த்தேங்காயை உடைத்து, நெய்யை அபிஷேகத்துக்குக் கொடுத்துவிட்டு, மூடியை நெருப்புக்குழியில் வீசும்போது அந்த நொடியையும் சேர்த்துத்தான் வீசினான். திகுதிகுவென்று எரிந்தது. அழுதான். இறங்கி வந்து கடைக்கதவைத் திறந்தால் அது இவனுக்கு முன்னாலேயே வந்து அலமாரியில் உட்கார்ந்திருந்தது. பதின்மூன்று தடவை எரித்தான், பதின்மூன்று தடவையும் வந்துவிட்டது. தான் நல்லவன்தான், மாலை இருக்கும்வரை நல்லவன், கழற்றினால் அந்த ஒரு நொடிக்காரன். இப்படித்தான் தன்னைப் பற்றி முடிவுகட்டி வைத்திருந்தான், இன்றைக்குக் கழுத்தில் ஒன்றும் இல்லை, மணி இரண்டே முக்கால்.

போன வைகாசியில் ஒரு நாள் அங்கன்வாடி வாசலில் டீச்சர் குழந்தைகளுக்குச் சத்துமாவு உருண்டை பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தான். முழங்கை வரைக்கும் மாவு. ஒரு முடிக்கற்றை முகத்தில் விழ, கை ஒழியாமல், தோளால் அதைத் தள்ளிவிட்டார். அவ்வளவுதான். அந்தத் தோள் இவன் உடம்புக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டது. நாற்பத்தாறு வயசில், காது ஓரம் நரைத்தபிறகு, இதென்ன கண்றாவி என்று தன்னையே திட்டிக்கொண்டான். வேலுத்தாயிடம் ஒரு குறையும் இல்லை; குறை இருந்தால்தான் ஆசை வரும் என்று யார் சொன்னது, அது பாட்டுக்கு வருகிறது, கேட்டுக்கொண்டா வருகிறது? எதிர்ச்சாரியில் சைக்கிள் கடை வைத்திருக்கும் இளங்கோ கருப்புச் சட்டைக்காரர், கடவுள் கிடையாது என்று போர்டே எழுதி வைத்திருப்பவர். கார்த்திகை மாதத்தில் இவனும் கருப்பு, அவரும் கருப்பு, டீக்கடைக்காரர் இருவரையும் ‘சாமி’ என்பார், இளங்கோவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ‘யோவ், ஒழுக்கமா இருக்கறதுக்குச் சாட்சி எதுக்குய்யா? பிரேக்கு வண்டியில இருக்கணும், ரோட்டுலயா போயி மாட்டுவ?’ என்று இவனை மடக்குவார். குருசாமியோ, ‘அவன் இல்லாம நம்மால ஒரு நாள் கட்டுப்பட்டு இருக்க முடியுமா சாமி? நமக்கு ஏது அந்தச் சக்தி’ என்பார். பதின்மூன்று வருஷமாக இவன் குருசாமி பக்கம். இளங்கோ சொல்வது கேட்க நன்றாயிருக்கும், ஆனால் அவருக்கு என்ன, சைக்கிளுக்குத்தானே அளவெடுக்கிறார். கண்ணை மூடி மனசுக்குள் சரணம் சொல்லிப் பார்த்தான். இரண்டாவது சரணத்தில் தோள் வந்தது, மாவு வந்தது. மறுபடி முதலிலிருந்து. மறுபடியும் தோள். நாலாவது கொக்கியில் ஊசி விரலில் ஏறி, ரோஸ் துணியில் ரத்தம் படுமோ என்று பதறி விரலை வாயில் வைத்துக்கொண்டான்.

விரலைச் சப்பிக்கொண்டிருக்கும்போதுதான் அது வந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, ரத்தத்தின் உப்போடு வந்தது. போன கார்த்திகை. கழுத்து நிறைய மணி, நெற்றி நிறைய சந்தனம், வாயில் சரணம். சின்னமனூரிலிருந்து ஒரு பெண் வந்தாள், கழுத்தடியில் ஒரு மச்சம். வரவில்லையா? அப்போது ஆசை வரவில்லையா? நெஞ்சைத் தொட்டுச் சொல். வந்தது. மணிக்குக் கீழேயே வந்தது, சந்தனம் காய்வதற்குள் வந்தது. மாலை ஒன்றும் அதைத் தடுக்கவில்லை. அப்புறம் டேப்பைச் சரியான நேரத்துக்கு எடுத்தது யார்? நோட்டில் முப்பத்தெட்டு என்று எழுதியது யார்? அதை யோசித்ததே இல்லை, யோசித்தால் மாலைக்கு அவமானம் என்று மூடி வைத்துவிட்டான். சரி, அது போகட்டும், போன சித்திரை? மாலையும் இல்லை, தாடியும் இல்லை, வெறும் சோலைமலை. கல்யாண மண்டபத்திலிருந்து பெண்ணின் சித்தி காலை ஆறு மணிக்கு ஆட்டோவில் வந்து இவனை அள்ளிக்கொண்டு போனாள். மணப்பெண்ணின் ஜாக்கெட் முதுகில் நட்டநடுவில் பிளந்துகொண்டது. முகூர்த்தத்துக்கு அரை மணி. கழற்றினால் தலை அலங்காரம் போய்விடும். திரும்பி நின்ற அந்தப் பெண்ணின் வெறும் முதுகில், ஊசி படாமல் ஒரு விரலை அடியில் கொடுத்து, நிற்க வைத்தே தைத்துவிட்டு வந்தான். இருபது நிமிஷம். இருபது நிமிஷத்துக்கு எத்தனை நொடி? ஒரு நொடிகூட விரல் தப்பாக நிற்கவில்லை. அந்தப் பெண் கண்ணாடி வழியாகப் பார்த்து, ‘தேங்ஸ் மாமா’ என்றாள். வீட்டுக்கு வந்து இட்லி சாப்பிட்டான், மறந்துவிட்டான். கெட்ட நொடியைப் பதினாலு வருஷம் அலமாரியில் வைத்துக் காப்பாற்றியவன், நல்ல இருபது நிமிஷத்தை ஒரு நாள்கூட வைத்துக்கொள்ளவில்லை. மாலை போட்டிருந்தபோதும் ஆசை வந்தது. மாலை இல்லாதபோதும் கை தப்பு செய்யவில்லை. அப்படியானால்? சோலைமலை எழுந்து நின்றுவிட்டான், மடியிலிருந்த கொக்கி டப்பா கீழே விழுந்து உருண்டது. சாமி மேல் கோபம் இல்லை, கும்பிடு கும்பிடுதான், அடுத்த வருஷமும் போகத்தான் போகிறான். ஆனால் பிழைப்பு முழுக்கச் சாமியிடம் கைமாற்றாக வாங்கியது என்று நினைத்திருந்த கை, பிறந்ததிலிருந்து இவனுடைய கையாகவே இருந்திருக்கிறது. அன்றைக்கு அந்த ஒரு நொடி எடுக்காமல் நின்றதும் இதே கைதான், வேறு யார் தலையிலும் போட முடியாது. அதுதான் சந்தோஷமாக இருந்தது, என்ன விசித்திரம், குற்றம் தன்னுடையது என்றதும் மிச்சம் எல்லாமும் தன்னுடையதாகிவிட்டது. தரையில் மண்டியிட்டுக் கொக்கிகளைப் பொறுக்கிக்கொண்டிருக்கும்போதே வாசலில் நிழல் விழுந்தது.

“சாமி, இருக்கீங்களா?”

கற்பகவல்லி டீச்சர்தான். செருப்பை வெளியிலேயே விட்டுவிட்டுப் படியேறினார், நெஞ்சோடு அணைத்த துணிக்கடைப் பையில் பட்டு. சத்துமாவு வாசனையும் சந்தன சோப்பு வாசனையும் கலந்து உள்ளே வந்தது. கூடவே ஆசையும் வந்தது. வரட்டும். கை காலருக்குப் போனது. மேல் பட்டனைக் கழற்றினான், அதற்கடுத்ததையும் கழற்றினான். காற்று உள்ளே போய்க் கழுத்தைத் தொட்டது.

“சாமி இல்ல டீச்சர். மூணாந்தேதியே மாலையக் கழட்டியாச்சு. கூடலூர்ல எங்க சித்தப்பா மகன் தவறிட்டாப்ல.”

“அய்யய்யோ, எனக்குத் தெரியாதே...”

“காலையிலருந்து எல்லாரும் சாமி சாமிங்கறாங்க, நானும் ஆமான்னு உக்காந்திருந்தேன். தப்புதான். நீங்க மாலைய நம்பி வாரேன்னீங்க, உங்ககிட்ட அப்படி இருக்க மனசு வரல. வீட்டுல வேலுத்தாய வரச் சொல்றேன். அவ டேப்பு பிடிக்கட்டும், நான் திரைக்கு இந்தப் பக்கம் நின்னு எழுதிக்கிறேன். உங்க இஷ்டம் எதுவோ.”

டீச்சர் இவனுடைய வெறும் கழுத்தையே பார்த்தார். வெளியே ஒரு வேன் பின்னால் நகர்ந்து, ‘வரட்டும், வரட்டும்’ என்று யாரோ அதன் முதுகைத் தட்டினார்கள்.

“நான் உங்களுக்குப் பயந்துக்கிட்டுக் கார்த்திகை வரட்டும்னு சொன்னதா நெனச்சீங்களா டைலரண்ணே?”

அதைத் தவிர வேறு எதையும் இவன் நினைத்ததில்லை.

“உங்களுக்கு ஒண்ணும் பயப்படல. எனக்குத்தான் பயந்தேன்.” குரல் இறங்கியது. “அவரு போயி ஆறு வருசமாச்சு. அங்கன்வாடிப் பிள்ளைக கை தவிர ஒரு கை மேல பட்டதில்ல. டேப்பு பட்டதும் அழுதுருவேனோ, வேற என்ன ஆவேனோ, எனக்கே தெரியல. சாமி கைன்னா சாமி கைன்னு நெனச்சுக்கிட்டு நின்றலாம்னு பாத்தேன்.”

உலகத்தில் ஆசை என்ற ஒன்று தன் ஒருவன் உடம்பில் மட்டும்தான் குடியிருக்கிறது என்று நினைத்துத் திரிந்தவனுக்கு, எதிரே நிற்பவளும் அதே பயத்தை அதே அளவில் நாலு மாதமாகச் சுமந்திருக்கிறாள் என்று தெரிந்ததும், முதலில் வெட்கமாக இருந்தது, அப்புறம் சிரிப்பு வந்தது, சிரிக்கவில்லை.

“இப்ப என்ன செய்யலாம் டீச்சர்?”

“என்ன செய்யிறது. தை பதினொண்ணு முகூர்த்தம்.” பையை மெஷின் மேல் வைத்தார். நிமிர்ந்து நின்றார். “எடுங்க. மனுசன் கையாவே இருக்கட்டும்.”

திரையை இழுக்கவா என்று கேட்டான், பாதி போதும் என்றார். டேப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டான், மூன்றாம் தேதி வரை மணி இருந்த இடத்தில். சரணம் சொல்லவில்லை, கண்ணையும் மூடவில்லை. மூடினால் அளவு எப்படித் தெரியும்? உடம்பு நீளம் பதினாலரை. வாய்விட்டுச் சொன்னான். தோள்பட்டை: அங்கேதான் அந்தத் தோள், மாவுக் கையோடு முடியைத் தள்ளிய தோள், இரண்டு விரல் தூரத்தில் இருக்கிறது. ஆசை இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய். தேய்ப்புப் பெட்டியின் சூடு பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரிவது போலத் தெரிந்தது, அதற்காக யாரும் கையை அதில் வைப்பதில்லை. வலது தோள் இடதைவிடக் கால் அங்குலம் இறங்கியிருந்தது. குழந்தைகளை எப்போதும் ஒரே பக்கம் தூக்குகிற தோள். அதைக் கவனித்தான், குறித்துக்கொண்டான், தையலில் சரிக்கட்ட வேண்டும். “பதினாலேகால், வலது எறக்கம் கால்.” டேப் முதுகில் தொட்டபோதுதான் டீச்சருக்குக் கண்ணிலிருந்து இறங்கியது. சத்தமில்லை. தோள் மட்டும் நடுங்கியது. இவன் இரண்டு கையையும் எடுத்துவிட்டான். அப்போது வந்து நின்றது, பதினாலு வருஷத்து அதே நொடி, இந்தத் தடவை இரக்கத்தின் முகத்தோடு வந்தது. ஒரு கையை அந்தத் தோளில் வைத்து ‘அழாதீங்க’ என்றால் என்ன தப்பு, யார் குறை சொல்வார்கள், ஆறு வருஷமாகத் தொடப்படாத ஒருத்தி. தப்பு இல்லாமலும் இருக்கலாம். ஆனால் அந்தக் கை இரக்கத்துக்கு மட்டும் போகாது என்று இவனுக்குத் தெரியும், அந்தக் கை யாருடையது என்றும் தெரியும். டேப்பின் இரண்டு முனையையும் இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு நின்றான். யாரும் இவனைப் பிடித்திருக்கவில்லை. வானத்திலிருந்து யாரும் பார்க்கிறார்கள் என்பதற்காக நிற்கவில்லை. அவர் அழட்டும், அழுது முடிக்கட்டும், அதற்கு இடம் வேண்டும், அந்த இடத்தை விட்டு ஒரு அடி தள்ளி நிற்க இவனால் முடிகிறது. ஒரு நொடி போயிற்று, பத்து நொடி போயிற்று, வேன் வந்து நின்றது, யாரோ கதவை அறைந்து சாத்தினார்கள். இவன் நெஞ்சுக்குள் ஒரு மேளம் கட்டிவிட்டார்கள். நிற்கிறேன், பார், நிற்கிறேன்.

டீச்சர் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். “சரி. எடுங்க.” கையைத் தூக்கி நின்றார். மேல்சுற்று முப்பத்திரண்டு. மார்புச்சுற்று முப்பத்து மூன்றரை. டேப் வந்தது, போயிற்று. இடுப்பு இருபத்தெட்டு. கைச்சுற்று, கைநீளம். “முன்கழுத்து எவ்வளவு வைக்க டீச்சர்?” “எல்லாரும் வைக்கற மாதிரியே வைங்க. மேடையில நிக்கறேன்ல” என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தார். நோட்டில் எழுதும்போது கையெழுத்து கொஞ்சமும் ஆடவில்லை என்பதைத் தானே எட்டிப் பார்த்துக்கொண்டான். படியிறங்கும்போது டீச்சர் திரும்பி, “வாரேன் டைலரண்ணே. தாடி நல்லாதான் இருக்கு, ஆனா எடுத்துருங்க” என்றார். இன்றைக்கு இரண்டு பேர் சொல்லியாயிற்று, எடுத்துவிட வேண்டியதுதான்.

உட்கார்ந்தான். காற்று இன்னும் கழுத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. அலமாரிக் கடைசித் தட்டில் கடுகு மஞ்சளைக் கண்ணைத் திருப்பாமல் பார்த்தான். அது அங்கேயே இருக்கட்டும். எரித்து எரித்து அலுத்தாயிற்று. இனிமேல் அது காலண்டருக்கு அடியில் ஒளிந்திருக்க வேண்டாம், மேலே எடுத்து வைத்துவிடலாம். அந்தப் பெண் என்றைக்காவது வந்தால் முகத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்டுக் கொடுத்துவிடலாம். ஐந்தாவது கொக்கி நேராக விழுந்தது. ஆறாவதுக்கு நூல் கோக்கும்போது சந்தில் வேன்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பின, ‘சாமியே’ என்று ஒரு குரல் எழுந்தது, இவன் உட்கார்ந்த இடத்திலிருந்தே, திறந்த கழுத்தோடு, அடிவயிற்றிலிருந்து ‘சரணம் ஐயப்பா’ என்று கொடுத்தான். அவன் இல்லாமல் முடியாது என்பதற்காகக் கொடுக்கவில்லை. பிடித்திருந்தது, கொடுத்தான். எதிர்ச்சாரியில் இளங்கோ ஸ்பேனரும் கையுமாக நிமிர்ந்து பார்த்தார். ரோஸ் ஜாக்கெட்டுக்குச் சொந்தக்காரப் பெண் படியில் கால் வைத்துக்கொண்டே கேட்டாள்.

“சாமி, கொக்கி கட்டியாச்சா?”

“சாமி இல்லக்கா,” என்றான் அவன், சந்துக்கே கேட்கிற மாதிரி. “சோலைமலை.”